பூசணிப்பூவுக்கு ஒரு மாப்பிள்ளை

மெக்சிகோ நகரத்தின் ஓரம், இஸ்தபலாப்பா மலைச்சரிவில், நீலமும் இளஞ்சிவப்புமாய் அடுக்கிய வீடுகளுக்கு நடுவே ஒரு குப்பைமேடு இருந்தது. அந்தக் கோடையில் அது தோட்டமாகிவிட்டது. விடுமுறை முகாமுக்கு வந்த பிள்ளைகளில் இரண்டிரண்டு பேருக்கு ஒரு பாத்தி. கடைசி நாளில் பாத்தியில் காய்த்ததை வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

நயேலிக்கும் உலிசெஸுக்கும் கிடைத்தது பூசணி. தண்ணீர் லாரி மேலே ஏறாது. அதனால் உலிசெஸ் தினமும் கீழே போய் இரண்டு வாளி சுமந்து வருவான். நயேலியின் வேலை கொடியைப் பார்த்துக்கொள்வது. பார்த்துக்கொண்டே அவள் வேறெங்கோ போய்விடுவாள். மேகம் மலையில் இறங்கும்போது தோட்டமே மெல்ல மிதப்பதுபோல் அவளுக்குத் தோன்றும்.

புதன்கிழமை சமையல் நாள். சீஸோடு பூசணிப்பூவை வைத்துச் சோள ரொட்டியை மடித்துச் சுடுவார்கள்.

"காம்பு ஒல்லியா இருந்தா ஆண் பூ, அதைப் பறி. அடியில குட்டிக் காய் இருந்தா பெண் பூ, தொடாதே" என்றார் எல்வீரா டீச்சர்.

நயேலி வேறெதையோ நினைத்தபடி எல்லா ஆண் பூவையும் பறித்தாள். கூடையைப் பார்த்த டீச்சர் நெற்றியைத் தடவினார்.

"நாளைக்குப் பூக்கவேண்டிய மொட்டையும் பறிச்சுட்டியாம்மா?"

"ஆண் பூ காய்க்காதே டீச்சர்."

"காய்க்காது. ஆனா அதோட மகரந்தம் படலைன்னா பெண் பூவும் காய்க்காது."

கொடியில் ஒரே ஒரு பெண் மொட்டுதான் மிச்சம். நாளை விடிந்ததும் விரியும், பத்து மணிக்குள் மூடிக்கொள்ளும். முகாம் முடிய இன்னும் பத்தே நாள். தோட்டத்தில் வேறு பூசணிக்கொடி கிடையாது.

உலிசெஸ் இது எதுவும் தெரியாமல் மென்றுகொண்டிருந்தான். "உன் பூ அருமையா இருக்கு. இன்னொண்ணு கிடைக்குமா?"

நயேலி தன் ரொட்டியை அவன் தட்டில் வைத்தாள். 'சந்தையில் கொத்துக் கொத்தாய் விற்கிறார்களே, அதுவும் இதே பூதானே?' என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் விடியற்காலையில், சந்தையில் சோளக்கஞ்சி விற்கும் அம்மாவோடு அவளும் கிளம்பினாள். தெருவெங்கும் பனிமூட்டம். அதற்குள் பூசணிப்பூ விற்கும் ரெமேதியோஸ் அக்காவின் கூடை மட்டும் விளக்கு வைத்ததுபோல் மஞ்சளாய் ஒளிர்ந்தது.

"அக்கா, ஒரு பூ வேணும்."

"ஒத்தப் பூவா? அதை வெச்சு என்னடி சமைப்ப?"

"சமைக்க இல்லக்கா. எங்க பூசணிக்கு மாப்பிள்ளை."

நயேலி நடந்ததைச் சொன்னாள். அக்கா சிரிக்காமல் கூடையைக் கிளறினாள்.

"இவன் வாடிட்டான். இவனுக்கு வயசாயிடுச்சு. இந்தா, இவனைப் பாரு. இப்பத்தான் பறிச்சது. மூக்குல பொடி அப்படியே இருக்கு. சொச்சிமில்கோ தோட்டத்துப் பையன், நல்ல குடும்பம். ஓடு, பொண்ணு காத்திருக்கும்."

உள்ளங்கையைக் குவித்துப் பூவை ஏந்தியபடி அவள் படிகளில் ஏறினாள். மேலே ஏற ஏற மூட்டம் கலைந்தது. தோட்டத்தில் பெண் பூ அகலமாய் விரிந்து கிடந்தது. பக்கத்தில் உலிசெஸ் வாளியோடு நின்றான்.

"நேத்து எல்லா ஆண் பூவையும் நான் பறிச்சுட்டேன்" என்றாள் அவள். "காயே வராமப் போயிருக்கும். உங்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சு."

உலிசெஸ் வாளியைக் கீழே வைத்தான். பிறகு, "அதுல நாலு நான் தின்னேன்" என்றான். "சரி, இப்ப என்ன செய்யணும்?"

ஆண் பூவின் இதழ்களைக் கிழித்துவிட்டு, மஞ்சள் நுனியைப் பெண் பூவுக்குள் மெல்லத் தடவினார்கள். அப்போது வந்த ஒரு தேனீயை, "தள்ளு, கல்யாணம் நடக்குது" என்று அதட்டினான் உலிசெஸ்.

ஐந்தாம் நாள் காய் கட்டைவிரல் அளவு இருந்தது. கடைசி நாளில் உள்ளங்கை நீளம்.

"பாதியா வெட்டலாமா?" என்று கேட்டாள் நயேலி.

"பாதிக் காயை வெச்சு எங்கம்மா என்ன செய்வாங்க? உங்க வீட்டுலயே சூப் வைங்க. பொண்ணு வீட்டுக்காரன்னு நான் வந்துடுறேன்."

"பொண்ணு வீடு நான்தான்."

"அப்ப மாப்பிள்ளை வீடு. எங்களுக்கு மரியாதை ஜாஸ்தி."

அன்று மாலை மாப்பிள்ளை வீட்டார் மூன்று கிண்ணம் சூப் குடித்தார்கள்.