காதில் தடவும் மருந்து

கட்டிலுக்கடியில் ஜெஸி கையை நீட்டியதும், இருட்டுக்குள்ளிருந்து காது தானாகவே வந்து அவள் கையுறையில் முட்டியது. மருந்து வாடை பட்டாலே டிரங்குப் பெட்டிகளுக்குப் பின்னால் பதுங்கிச் சீறிக்கொண்டிருந்த பூனை, கொஞ்ச நாளாக இப்படிச் சத்தமில்லாமல் தலையைக் கொடுக்கிறது. மகராசிக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று நினைத்துக்கொண்டாள். முதுகு வலியில் அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

வேர்க்கடலைத் தோல் நிறம் என்பதால் அதற்குக் கடலை என்று பெயர். குடலில் தீராத அழற்சி. தின்றது தங்காது, வாந்தி, பேதி. ஸ்டீராய்டு மாத்திரையை வாயில் போட்டால் நுரையாகக் கக்கிவிடும். அதனால் வேலூர் டாக்டர் கிறிஸ்துராஜ், அதே மருந்தைச் சென்னையில் ஒரு கடையில் களிம்பாகக் கலக்கச் சொல்லி வரவழைத்தார். காதின் உட்புறம் தடவினால் தோல் வழியே இறங்குமாம்.

“தோலு பூனையோடதா உங்களுதான்னு மருந்துக்குத் தெரியாதும்மா. கிளவுஸ் இல்லாம தொடாதீங்க. மருந்து வேலை செஞ்சா மொதல்ல பசி ஜாஸ்தியாகும், பயப்படாதீங்க” என்று சொல்லித்தான் கொடுத்தார்.

ஜெஸிக்குக் கையுறை என்றாலே ஆகாது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் செக்கிங் அவள் வேலை. ஆடா மாடா, கழுத்துப் பக்கமா வயிற்றுப் பக்கமா என்று கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே சொல்லிவிடுவாள். கையுறை மாட்டினால் கண்ணைக் கட்டி விட்டது போலிருக்கும். கடலைக்காக அதையும் பொறுத்துக்கொண்டாள்.

என்ன பொறுத்து என்ன? கட்டிலோரம் வைக்கிற சோறும் மீனும் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் காலியாகிறது; பூனையோ எலும்பும் தோலுமாகிக்கொண்டே போகிறது. காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது வாசற்படியில் சுருண்டு கிடக்கும். உள்ளே கூப்பிட்டால் வராது.

அடுத்த நாள் ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, டாக்டர் போன் செய்தார்.

“ஞாயித்துக்கெழம பார்த்ததுல எடை இன்னும் கம்மியாயிருக்குது. மருந்து ஒழுங்கா போடறீங்களாம்மா?”

“தெனம் என் கையால தான் டாக்டர் போடறேன். இன்னும் இன்னா தான் செய்யச் சொல்றீங்க?”

“இப்படியே போனா இந்த வாரம் தாங்காது.”

போனைக் கட்டிலில் எறிந்தாள். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. டாக்டர் மேல், சென்னைக் கடைக்காரன் மேல், சொல்லி வைத்தாற்போல் போய்விட்ட கரண்ட் மேல். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துத் தோல் பதனிடும் ஷெட்டுகளிலிருந்து சுண்ணாம்பும் ஊறிய பச்சைத்தோலும் கலந்த நாற்றம் ஜன்னல் வழியே வந்து நின்றது. குனிந்தபோது அதே நாற்றம் கட்டிலுக்கடியில் இன்னும் கனமாக, வெதுவெதுப்பாக இருந்தது. பாதி மருந்து இந்தச் சனியன் பிடித்த கையுறையிலேயே ஒட்டிக்கொண்டு போகிறதோ என்று தோன்ற, கழற்றி மூலையில் வீசினாள். ஆட்காட்டி விரலில் களிம்பைப் பிதுக்கிக்கொண்டு, தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, தோள் வரை கையை உள்ளே விட்டாள்.

காது வந்தது.

“சாப்பிட்றதெல்லாம் எங்கடி போவுது?” என்று திட்டிக்கொண்டே தேய்த்தாள். விரல் சுற்றியது. மெதுவாகியது. நின்றது.

முடி இல்லை.

ஆட்டுத்தோல் இல்லை. மாட்டுத்தோல் இல்லை. ஈரமாக, சில்லென்று, ஊறிய தோல். விரல் அவளைக் கேட்காமலே கீழே இறங்கியது. மடல் கூராக முடியவில்லை. தடித்துத் தொங்கியது.

திறந்து கிடந்த கதவைத் தட்டும் சத்தம். டார்ச் வெளிச்சம். பக்கத்து வீட்டு ஹுமேரா.

“அக்கா, கடலைய தூக்கினு வந்திருக்கேன். பொழுது சாஞ்சா எங்க வீட்லயே வந்து ஒக்காந்துக்குது. உங்க வாசப்படி தாண்டவே பயப்படுது, பாருங்க.”

ஜெஸி தலையை மட்டும் திருப்பினாள். ஹுமேராவின் கையில் கடலை. ரோமம் சிலிர்த்து, கட்டிலுக்கடியைப் பார்த்துச் சீறியது.

கையை இழுக்க வேண்டும். இழு.

விரல் நுனியில் மடலின் நடுவே ஒரு துளை. கம்மல் போடும் துளை.

அந்தக் காது, இன்னும் வேண்டும் என்பதுபோல், அவள் கைக்குள் அழுந்தியது. பிறகு மெல்லத் திரும்பியது. காது இருந்த இடத்தில், உள்ளங்கை முழுக்க, சூடான மூச்சு.

கட்டிலுக்கடியில், நீளமாக, ஒரு வயிறு பசியில் இரைந்தது.