கடிதம் எழுதிய கை

பழைய சாமான் கடைக்காரர் சொன்னபடி காலை பதினொரு மணிக்கு வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நேரே கூடத்து மூலைக்குப் போய், அந்தப் பழைய எழுத்து மேசையின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"இதேதான்மா. இழுப்பறைப் பிடியில பித்தளை இலை. அந்தப் பழைய சினிமாப் படத்துல அப்படியே வரும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாற்பது வருடமாகத் தூசு தட்டிய மேசைக்கு இத்தனை மரியாதையா! அவள் கணவர் அந்தக் காலத்தில் ஒரு ஸ்டூடியோவில் செட்டுச் சாமான்களைப் பார்த்துக்கொண்டவர். ஸ்டூடியோவை மூடியபோது இதை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். ஒருநாள்கூட அவர் இதன்முன் உட்கார்ந்ததில்லை. இந்த மேசை வரும் அந்தப் படத்தையும் வீட்டில் போட விட்டதில்லை. இப்போது மகள் வீட்டோடு போகப்போகிறார்கள். அங்கே மேசைக்கு இடமில்லை.

கடைக்காரர் கைப்பேசியை எடுத்தார். "ஒரு தடவை ஒத்துப் பார்த்துடறேன்."

"அதெல்லாம் எதுக்கு? அதே மேசைதான். எடுத்துட்டுப் போங்க," என்றார் கணவர் சட்டென்று.

அதற்குள் படம் ஓட ஆரம்பித்திருந்தது. கறுப்பு வெள்ளையில் இதே மேசை. ஒரு பெண்ணின் கை பேனாவை எடுத்தது.

"கதாநாயகிக்குக் கோழிக் கிறுக்கல் எழுத்தாம். அதனால கை மட்டும் வேற யாரோடதோ," என்றார் கடைக்காரர்.

அவள் குனிந்து பார்த்தாள்.

அந்தக் கையின் சுண்டுவிரல் வளைந்திருந்தது.

சின்ன வயதில் கதவிடுக்கில் மாட்டி வளைந்த விரல். அவளுடைய அக்காவின் விரல். அக்கா அதே ஸ்டூடியோவில் உடை தைத்தாள். ஒருநாள் வீடு திரும்பவில்லை. யாரோடோ ஓடிப்போய்விட்டாள் என்று சேதி கொண்டுவந்தவரே இந்தக் கணவர்தான். அம்மா சாகும்வரை அக்கா பெயரை வாயில் எடுக்கவில்லை. தலைகுனிந்து நின்ற குடும்பத்தில் பெண் எடுக்க முன்வந்தாரே என்று ஊரே இவரைக் கையெடுத்துக் கும்பிட்டது.

திடீரென்று பாசி வாடை அடித்தது. நீர் இறைக்காத கிணற்றின் வாடை.

திரையில் பேனா நகர்ந்தது.

'சிட்டு, நான் ஓடிப்போகலை.'

அவளைச் சிட்டு என்று அக்கா ஒருத்திதான் கூப்பிடுவாள்.

'இவரை நம்பாதே.'

கடைக்காரர் கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோனார். "இல்லையே... 'என்னை மறந்துவிடுங்கள்'னுதானே எழுதுவாங்க. இருபது தடவை பார்த்திருக்கேன்மா."

திரும்ப ஓட்டினார். 'என்னை மறந்துவிடுங்கள்' என்றுதான் இருந்தது. வளைந்த விரல் மட்டும் மாறவில்லை.

கடைக்காரர் எழுந்தார். பேரம் பேச வந்தவர், செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவில் இறங்கி நடந்தார்.

கூடத்தில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

"அக்காவைத் தெரியவே தெரியாது, சேதி சொல்ல அனுப்பினாங்க, வந்தேன்னுதானே சொன்னீங்க?"

கணவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க."

"அவளைக் கட்டிக்கறதாத்தான் இருந்தேன்." "அப்புறம் ஒருநாள் அவளுக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டு நீ ஸ்டூடியோவுக்கு வந்தே. உன்னைப் பார்த்தேன்."

"அக்கா எங்க?"

"படப்பிடிப்பு முடிஞ்சதும் செட்டுக்குப் பின்னாடி நின்னு பேசினோம். உன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன்னா. கையைப் பிடிச்சா. உதறினேன். தள்ளலை... உதறினேன், அவ்வளவுதான். பின்னால கிணறு இருந்தது."

அவள் அழவில்லை. ஐம்பது வருடம் இந்த மனிதருக்குச் சோறு போட்ட கையைப் பார்த்துக்கொண்டாள். அக்கா மேல் எத்தனை நாள் கோபப்பட்டிருப்பாள்! மகளிடம்கூட, பெரியம்மா என்று ஒருத்தி இருந்ததையே சொல்லாமல் வளர்த்திருந்தாள்.

உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எங்க போற?"

"போலீஸ் ஸ்டேஷனுக்கு. எங்க அக்கா யாரோடயும் ஓடலைன்னு எழுதிக் குடுக்கப் போறேன். அந்தக் கிணத்தைத் தோண்டட்டும்."

"வேணாம்... என்னைத் தனியா விட்டுட்டுப் போகாத."

அவள் மேசையைப் பார்த்தாள்.

"நீங்க தனியாவா இருக்கீங்க?"

கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. இரண்டாவது படியில் கால் வைத்தபோது, பின்னால் சத்தம் கேட்டது.

உள்பக்கத் தாழ்ப்பாள் விழுந்த சத்தம்.

பக்கத்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. இரண்டு கையாலும் அதன் பிடியை இறுக்கிக்கொண்டு, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.