பெட்டிக்குள் பாம்பு இல்லை!

ஓட்மார் கடைசியாக ஒரு தடவை காலை உதைத்தான்.

அவ்வளவுதான்.

அடங்கிவிட்டான்!

ராடோவன் கையிலிருந்த ஈரத் துண்டைத் தளர்த்தினான். நனைத்து முறுக்கிய குளியல் துண்டு. கயிற்றைப் போலக் கோடு விழாது. மலைப்பாம்பு சுற்றினால் கழுத்து எப்படிக் கன்றிப்போகுமோ, அப்படி அகலமாக... சிவப்பாக...

"இப்பவாவது வாயை மூடினியே!" என்றான் பிணத்திடம்.

ஓட்மார், செக் நாட்டில் ப்ருனோ என்ற நகரத்தில் பேர் பெற்ற பல் டாக்டர். அடுத்தவன் வாயைத் திறக்க வைத்தே சம்பாதித்தவன். வீட்டுக்கு வந்துவிட்டால் அவன் வாய்தான் மூடாது.

பேச்செல்லாம் ஒரே ஆளைப் பற்றி!

பெப்பிக்!

பெப்பிக் ஒரு போவா. ஆள் உயரத்துக்கும் மேல் நீளமான மலைப்பாம்பு. அதற்கு வீடு கட்டவென்று ஓட்மார் ஒரு குளிர்காலம் முழுக்க கராஜில் கிடந்தான். பிளைவுட் அறுத்தான். வார்னிஷ் பூசினான். கண்ணாடிக் கதவு பொருத்தினான். எல்லாம் தன் கையாலேயே! அந்தப் பெட்டி இப்போது வரவேற்பறையில் பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது.

ஒரு புழுவுக்கு அரண்மனை!

ராடோவனுக்கு அதைப் பார்த்தாலே குமட்டும். அவன் வீடு வாங்கி விற்கும் தரகன். கழுத்தில் பட்டு மஃப்ளர், கையில் விலை உயர்ந்த வாட்ச். பணம் வைத்திருக்கிறவன் ஏன் ரம்பத்தைத் தூக்க வேண்டும் என்பது அவனுக்குக் கடைசி வரை புரியவில்லை.

சற்று முன்புகூட அதே கச்சேரிதான்...

"இந்த பல்புக்கு ஏன் கம்பிக் கூண்டு போட்டிருக்கேன்? சொல்லுடா பார்ப்போம்!"

"தெரியலைடா."

"பெப்பிக் சூடு தேடிப் போய் பல்பைச் சுத்திக்கிட்டுப் படுத்துடுவான். வயிறு வெந்தாக்கூட உறைக்காது அவனுக்கு. மண்டு!"

"அவன் மண்டுவா, நீ மண்டுவா?"

ஓட்மார் விழுந்து விழுந்து சிரித்தான். கேலி எது, கொஞ்சல் எது என்று தெரியாத பிறவி!

"உள்ளே டேப்பு மட்டும் ஒட்டவே கூடாதுடா. தோல்ல ஒட்டினா பிய்ச்சுக்கிட்டு வந்துடும். சிலிக்கான் வாடை போற வரைக்கும் நான் அவனை உள்ளேயே விடலை. காத்து இந்தப் பக்கம் கீழே நுழைஞ்சு, அந்தப் பக்கம் மேலே போகும். சூடு ஏறினா தானா கரண்ட் நின்னுடும்..."

"பிரமாதம்."

"முக்கியமான விஷயத்தை இன்னும் சொல்லலைடா. இங்கே வா, பாரு..."

ஓட்மார் குனிந்தான்.

ராடோவனுக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை!

பைக்குள்ளிருந்த துண்டு வெளியே வந்தது...

ராடோவன் மூச்சு வாங்கியபடி சமையலறைக்குப் போனான். காபி டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டான்.

பெட்டிச் சாவி!

இருக்கும் இடம் சொன்னவள் ப்ளாங்கா. ஓட்மாரின் மனைவி. ஓட்மாரின் மனைவியாக இருந்துகொண்டே ராடோவனுக்கு வேறு என்னவெல்லாமோ ஆனவள். போன வாரம் அவன் மார்பில் சாய்ந்துகொண்டு சொன்னாளே...

"கண்ணாடியைத் தள்ளிவிட்டுட்டு ஓரமா நில்லு. பாம்பு தானா இறங்கி வரும். வீட்டிலேயே செஞ்ச பெட்டி, பூட்ட மறந்துட்டாரு, பாம்பு கழுத்தை நெரிச்சிடுச்சு... ஊரே தலையை ஆட்டும். ஒருத்தன்கூட சந்தேகப்பட மாட்டான்."

"நீ?"

"நான் பக்கத்து வீட்டுக்காரங்களோட காளான் பறிக்கக் காட்டுக்குப் போயிடுவேன்."

அழகான திட்டம்! ராடோவன் பெட்டியின் பூட்டைத் திறந்தான். கண்ணாடியைத் தள்ளினான். ஓரமாக நின்றான்.

"வாடா பெப்பிக்! வந்து பழியை ஏத்துக்கோ!"

பெப்பிக் வரவில்லை.

ராடோவன் குனிந்து பார்த்தான். தண்ணீர்த் தொட்டி... ஒரு மரக்கிளை... மரப்பட்டை... காய்ந்த இலைகள்...

பாம்பு?

இல்லை!

முதுகுத்தண்டில் ஏதோ ஊர்ந்தது. வியர்வைதான். ஆனாலும் ராடோவன் ஒரே தாவில் சோபா மேல் ஏறி நின்றான்! பெட்டிக்குள் இல்லை என்றால் வெளியே எங்கோ இருக்கிறது. அலமாரிக்குப் பின்னாலா? திரைச்சீலைக்குள்ளா? இந்த சோபாவுக்கு அடியிலேயா...?

ஷூவோடு சோபா மேல் நின்று நடுங்கினான், பட்டு மஃப்ளர் கட்டிய அந்தப் பெரிய மனிதன்.

பிறகு மெல்லச் சிரித்தான்.

ஓட்மாரே! முட்டாளே! குளிர்காலம் முழுக்க அறுத்தாயே, கடைசியில் உன் பெட்டியில் பாம்பு தங்கவில்லையே! ஏதோ ஓட்டை வழியாக ஏற்கெனவே ஓடிவிட்டது. இன்னும் நல்லதாகப் போயிற்று!

துண்டைப் பைக்குள் திணித்தான். கார் டிக்கியில் பையைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்தான். போனை எடுத்தான். குரலில் அழுகையைக் கலந்தான்.

"போலீஸா? சீக்கிரம் வாங்க! பாம்பு... பாம்பு என் சிநேகிதனைக் கொன்னுடுச்சு!"

---

இன்ஸ்பெக்டர் வெண்டுலா வந்தபோது வாய் நிறைய கசகசா ரொட்டி இருந்தது.

குட்டையான பெண். கசங்கிய கோட்டு. மேல் உதட்டில் சர்க்கரைத் தூள்.

'இதுவா இன்ஸ்பெக்டர்?' என்று ராடோவன் உள்ளுக்குள் உதட்டைப் பிதுக்கினான். 'பேக்கரியில போய் கேஸ் விசாரிக்கச் சொல்லலாம்!'

போலீஸ் டாக்டர் பிணத்தைப் புரட்டினார். பாம்பு பிடிக்க வந்த தீயணைப்புக்காரர்கள் இரண்டு பேர் கையில் கொக்கியோடு அலமாரிகளை நகர்த்தினார்கள்.

வெண்டுலா விரலை நக்கிவிட்டுக் கேட்டாள்.

"பாம்பைக் கண்ணால பார்த்தீங்களா மிஸ்டர் ராடோவன்?"

"பார்த்தேனாவா? மல்லுக்கட்டினேன் மேடம்! பீர் சாப்பிடலாம்னு வந்தேன். கதவு திறந்து கிடந்துச்சு. உள்ளே வந்தா... கடவுளே! அவன் கழுத்தை மூணு சுத்து சுத்தியிருக்கு! வாலைப் பிடிச்சு இழுத்தேன். சட்டுனு விட்டுட்டு அந்த அலமாரிக்குப் பின்னால போயிடுச்சு."

"பெப்பிக்தானா? நிச்சயமா?"

"ஏன் மேடம், ஊர்ல இருக்கிற பாம்பெல்லாம் இங்கேயா குடியிருக்கு? அதே பெப்பிக்தான்! முதுகுல இருக்கிற பட்டையைக்கூட இவ்வளவு கிட்டத்துல பார்த்தேன்!"

"தைரியசாலி சார் நீங்க."

"சிநேகிதனுக்காக மேடம்..."

வெண்டுலா பெட்டியிடம் போனாள். கண்ணாடியைத் தள்ளிப் பார்த்தாள். காற்றுத் துவாரத்து வலையை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை. பல்புக் கூண்டைத் தட்டினாள்.

"யார் செஞ்சது?"

"அவனேதான். பல்லு பிடுங்கறவனுக்கு எதுக்கு மேடம் தச்சு வேலை? நூறு தடவை சொன்னேன், கடையில நல்லதா வாங்குடான்னு. கேட்டாத்தானே! இந்த ஓட்டைப் பெட்டியே அவனுக்கு எமனா ஆயிடுச்சு."

"ஓட்டையா? எங்கே?"

"அது... எங்கேயாவது இருக்கும்."

"நான் பார்த்த வரைக்கும் இதுக்குள்ளேயிருந்து ஒரு எறும்பு வெளியே வரணும்னாலும் மனு போடணும் சார்."

"அப்போ பூட்ட மறந்திருப்பான்!"

"ம்ம்... இருக்கலாம்." வெண்டுலா இன்னொரு ரொட்டியை எடுத்தாள். "மனுஷன்தானே."

ராடோவன் நிம்மதியாக மூச்சு விட்டான். இந்த ரொட்டி மூட்டையை ஏமாற்ற இவ்வளவு நடிப்புக்கூடத் தேவையில்லை!

தீயணைப்புக்காரர்களில் பெரியவர் வேர்த்து வழிய வந்தார்.

"மேடம், பாத்ரூம் வரைக்கும் அலசியாச்சு. ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கு. பாம்பைக் காணோம்!"

அப்போது வாசலில் ஒரு அலறல்!

"ஓட்மார்...!"

ப்ளாங்கா! கையில் காளான் கூடை. இன்ஸ்பெக்டர் போன் பண்ணியதும் காட்டிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். ரப்பர் பூட்ஸில் சேறு. கூடை நழுவியது. காளான்கள் உருண்டன. கணவனின் மேல் விழுந்து கதறினாள்.

ராடோவன் அசந்துபோனான். என்ன நடிப்பு! நாடகக் கம்பெனியில் இருந்திருக்க வேண்டியவள்!

வெண்டுலா அவளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"பயப்படாதீங்கம்மா. பெப்பிக் இங்கேதான் எங்கேயோ ஒளிஞ்சிருக்கான். பிடிச்சிடுவோம்."

ப்ளாங்கா கண்ணைத் துடைத்தாள்.

"பெப்பிக்கா? அவன் எதுக்கு ஒளியணும்?"

"அவன்தானே உங்க வீட்டுக்காரரை..."

"பெப்பிக்கா? அவன் புதன்கிழமையிலேர்ந்து சட்டை உரிச்சிட்டு இருக்கானே மேடம்! கீழ் அறையிலதான் இருக்கான்."

ராடோவன் சட்டென்று பெட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"கீழ்... அறையா?" என்றாள் வெண்டுலா.

ப்ளாங்கா எழுந்தாள். பெட்டியின் அடிப்பலகையில் கையை வைத்தாள். எல்லாரும் வெறும் பலகை என்று நினைத்த பலகை... இழுப்பறையாக வெளியே வந்தது!

உள்ளே நனைத்த பாசி.

பாசியின் மேல், கயிற்றுச் சுருளாய், அலுங்காமல் குலுங்காமல்...

பெப்பிக்!

கண் இரண்டும் பால் ஊற்றியதுபோல் மங்கியிருந்தன. மூக்கு நுனி வரை பழைய தோல் வெளிறிப்போயிருந்தது.

"உரிக்கிற நேரத்துல ஈரம் வேணும் மேடம். அதான் அவர் இந்த அறையைக் கட்டினார். மேலே மரப்பட்டைக்கு அடியில வழி இருக்கு. இவன் உள்ளே இறங்கினதும் அந்த வழியைப் பலகை தள்ளி அடைச்சிட்டு, அந்தப் பலகைக்கு வெளியேயிருந்து தாழ் போட்டுடுவார். நடுவுல யாரும் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு."

வெண்டுலா குனிந்தாள். பெட்டியின் பக்கவாட்டில், அந்த வழிப் பலகைக்கான சின்னப் பித்தளைத் தாழ்.

போட்டது போட்டபடி இருந்தது!

தீயணைப்புக்காரர் கொக்கியை மெல்லக் கீழே வைத்தார்.

"மிஸ்டர் ராடோவன்..." வெண்டுலாவின் குரல் பஞ்சுபோல் இருந்தது. "மூணு சுத்து சுத்தியிருந்துச்சு, வாலைப் பிடிச்சு இழுத்தேன்னீங்க. கொலையைப் பண்ணிட்டு, ஓடி வந்து, உள்ளே போய்ப் படுத்துக்கிட்டு, வெளிப்பக்கத் தாழையும் போட்டுக்கிச்சா?"

"அது... அது வேற பாம்பு மேடம்! ரெண்டு வெச்சிருந்தான்!"

"ஒண்ணுதான் மேடம்," என்றாள் ப்ளாங்கா.

சொல்லும்போது அவள் ராடோவனைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. செருப்பில் ஒட்டிய சேற்றைப் பார்க்கிற பார்வை!

அந்த ஒரு பார்வையில் அவனுக்கு எல்லாம் விளங்கியது.

புதன்கிழமையிலிருந்தே தெரியும் இவளுக்கு! பெட்டி காலியாக இருக்கும் என்று தெரிந்தேதான் அனுப்பியிருக்கிறாள்! புருஷனும் ஒழிந்தான்... கொன்றவனும் ஒழிவான்...

"அடிப்பாவி!" ராடோவன் கத்தினான். "சாவி எங்கே இருக்குன்னு சொன்னதே நீதானேடி! மேடம், எல்லாம் இவ போட்ட திட்டம்!"

"இவர் என்ன உளர்றார் மேடம்?" ப்ளாங்கா கோட்டு மடிப்புக் கலையாதவள்போல அமைதியாக நின்றாள். "எங்க வீட்டுக்காரரோட சிநேகிதர். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இந்த மாதிரி ஆளோட எனக்கென்ன பேச்சு?"

வெண்டுலா ரொட்டியைக் கடித்தாள். மாறி மாறி இருவரையும் பார்த்தாள்.

அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் ராடோவன் சிரித்தான். கசந்துபோன சிரிப்பு.

"நல்லா நடி! உன்னை நான் கட்டிக்கப்போறேன்னா நினைச்சே? வியன்னாவுக்கு டிக்கெட் எடுத்துட்டேன்டி. ஒண்ணே ஒண்ணு! எனக்கு மட்டும்! இந்த வயசுல உன்னை எவன்டி கூட்டிக்கிட்டுச் சுத்துவான்? நீ என்கிட்டே குழைஞ்சப்போ எல்லாம் எனக்குச் சிரிப்பை அடக்கறதே பெரிய பாடா இருந்துச்சு!"

ப்ளாங்காவின் முகம் வெளுத்தது.

பிறகு சிவந்தது!

"யாருடா யாரை ஏமாத்தறது?" பாய்ந்து வந்தாள். "நீயா என்னை? மஃப்ளர் கட்டின கோமாளி! பாம்பு கீழே இருக்குன்னு தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தது யாரு? துண்டை நனைச்சு முறுக்குடான்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிக்கொடுத்தது யாரு? அதுக்குக்கூட உனக்கு மூளை கிடையாது! உன்னை மாட்டிவிட்டதே நான்தான்டா! நான்...!"

நின்றாள்.

வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரொம்ப லேட்!

வெண்டுலா மேல் உதட்டுச் சர்க்கரையைப் புறங்கையால் துடைத்தாள். முதல் தடவையாக அவள் முகத்தில் ரொட்டி மந்தம் இல்லை.

"அம்மாடி! நான் ஒரு கேள்விகூடக் கேட்கலை. ரெண்டு பேரும் போட்டி போட்டுக்கிட்டு எனக்கு வேலையை மிச்சம் பண்ணிட்டீங்க."

விலங்கு இரண்டு ஜோடி வந்தது. ராடோவனுக்கு ஒன்று. ப்ளாங்காவுக்கு ஒன்று. படியிறங்கும்போதும் அவர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டேதான் போனார்கள்.

ஸ்ட்ரெச்சரில் ஓட்மார். போர்வைக்கு வெளியே ஒரு கை தொங்கியது. கட்டைவிரலில் இன்னும் வார்னிஷ் கறை. வெண்டுலா அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள்.

தீயணைப்புக்காரர் தயங்கினார். "மேடம்... இந்தப் பாம்பை என்ன பண்றது?"

வெண்டுலா இழுப்பறையைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினாள்.

"பாவம், நிம்மதியா சட்டையைக் கழட்டட்டும். இந்த வீட்டிலேயே விஷம் இல்லாதவன் இவன் ஒருத்தன்தான்... இவனைப் போய் பெட்டியில பூட்டி வெச்சிருக்காங்க பாருங்க!"