நிலவறையில் இருவர்

கராபாக்கில் எங்கள் ஊருக்கு விட்ட முதல் பேருந்தில் நானும் தம்பி ஃபிக்ரத்தும் போனோம். ஊரைவிட்டு ஓடி இருபத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது. கண்ணிவெடி எடுத்த பாதைக்கு மட்டும் இருபுறமும் சிவப்புக் குச்சி நட்டிருந்தார்கள். நான்கு மணிக்குள் திரும்பிவிட வேண்டும்.

அர்மீனியர்களோடு நடந்த முதல் போரில் ஓடியபோது எனக்குப் பதினாறு, அவனுக்கு ஆறு. மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போன அம்மா வரவேயில்லை. பிறகு எங்கள் வீட்டில் ஓர் அர்மீனியக் குடும்பம் குடியேறியது. இரண்டாம் போரில் அவர்கள் ஓடும்படி ஆயிற்று. எல்லோரும் தப்பவில்லை என்று பேருந்தில் யாரோ சொன்னார்கள்.

வீட்டுக்குக் கூரை இல்லை. மலையிலிருந்து இறங்கிய மூடுபனி அறைகளுக்குள் நின்றது.

"அம்மாவோட ஒரு எலும்பு கிடைச்சாலும் போதும்க்கா. அடக்கம் பண்ணிட்டா நான் தூங்கிடுவேன்," என்றான் ஃபிக்ரத்.

படிக்கட்டின் அடியில் நிலவறைக் கதவு. இடுக்கு வழியாக ஈர மண் வாடை வந்தது. அதனூடே, அப்போதுதான் சுட்ட ரொட்டியின் மணம்.

"சத்தம் போடாதே. வந்துட்டாங்க."

அம்மாவின் குரல்.

"பிள்ளை வாயைப் பொத்தியிருக்கேன். எத்தனை பேரு?" இன்னொரு பெண், அர்மீனிய மொழியில். சிறுவயதில் பக்கத்து வீட்டில் பழகிய மொழி, எனக்குப் புரிந்தது.

"ரெண்டு பேரு. காலடி கேக்குது."

அது எங்கள் காலடி.

ஃபிக்ரத் மண்டியிட்டான். "அம்மா, நான்தாம்மா ஃபிக்ரத். சோல்மாஸ் அக்காவும் வந்திருக்கா. வெளிய வாம்மா."

உள்ளே குரல்கள் இன்னும் தணிந்தன.

"போன தடவையும் இப்படித்தான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க," என்றாள் அம்மா. எங்களிடம் அல்ல.

"எங்களையும்," என்றாள் மற்றவள்.

தம்பி கதவை இழுத்துத் திறந்தான். கைவிளக்கு வெளிச்சத்தில் உடைந்த ஊறுகாய் ஜாடிகள், தூசி படிந்த தரை. ஆள் இல்லை. தூசியில் ஒரு தடமும் இல்லை.

ஆனால் மூலையில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்மா," என்று அழுதான்.

ஒரு குழந்தை விசும்பியது. உடனே அமுங்கியது.

பேருந்து ஹாரன் அடித்தது. அவனை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"என்னப் பாத்து பயப்படுறாக்கா."

பாதி வழி கூடப் போயிருக்க மாட்டோம். பின்னால், அந்த வீட்டின் அடியிலிருந்து, கதவு சாத்தி உள்பக்கம் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

கதவை நாங்கள் திறந்தபடியே விட்டு வந்திருந்தோம்.