வாத்துப் பொத்தான்

இதனால் சகலமான சிறுவர் சிறுமியருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: தேவாலய மண்டபத்தில் நடந்த மாபெரும் ஒப்புவித்தல் போட்டியில் குண்டூசி மூன்றாம் பரிசு பெற்றாள். இந்த மகத்தான சாதனையின் முழு வரலாறு கீழே வருகிறது. அனைவரும் நிமிர்ந்து உட்காரவும். மூக்கு நோண்டிக்கொண்டிருப்பவர்கள் நிறுத்தவும்.

குண்டூசிக்கு அந்தப் பெயர் வரக் காரணம், உடம்பு ஒல்லி, வாய் கூர்மை. அவளுடைய அம்மா தையல்காரி. "வளர்ற பொண்ணு" என்று சொல்லிச் சொல்லியே எல்லா உடைகளையும் இரண்டு சுற்று பெரிதாகத் தைப்பாள். குண்டூசியோ வளரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தாள்.

போட்டிக்குத் தைத்த நீல கவுனும் அப்படித்தான். முதுகில் மேலிருந்து கீழாக மஞ்சள் பொத்தான்கள். ஒவ்வொன்றும் ஒரு வாத்து. பிடரியில் இருந்த முதல் வாத்துதான் கவுனைத் தோளில் பிடித்து வைத்திருந்தது. அது போனால் கவுனும் நழுவிப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மாவுக்குத் தைத்து முடிக்க இன்னும் கொஞ்சம் வேலை இருந்தது. குண்டூசி முன்னதாகவே தேவாலயத்துக்குக் கிளம்பி வந்துவிட்டாள்.

வாசலில் புதுக் காவலாளி, சாக்கடைக்குள் தலையை விடாத குறையாகக் குனிந்திருந்தார். வேலையில் அவருக்கு அன்றுதான் முதல் நாள்.

"என்னண்ணா தேடுறீங்க?"

"பட்டன் பாப்பா. புதுச் சட்டை, கொஞ்சம் டைட்டு. மூச்சு விட்டேன், தெறிச்சு உள்ள போயிடுச்சு."

"மூச்சு விடாம இருந்திருக்கலாம்ல?"

அவர் சிரிக்கவில்லை. வயிற்றுக்கு நேராக விரிந்திருந்த சட்டையை இழுத்து இழுத்துப் பிடித்தார்.

"சபைச் செயலர் ஐயா இப்ப வந்துடுவாரு. 'ஒரு பட்டன் திறந்திருந்தாலும் அப்படியே வீட்டுக்குப் போயிடு'ன்னு நேத்தே சொல்லிட்டாரு. ரொம்ப நாளா வேலையில்லாம இருந்து கிடைச்ச வேலை. காலையில என் பொண்ணுதான் தொப்பியத் தொடச்சுக் குடுத்தா. அவ முகத்துல எப்படி முழிப்பேன்?"

தையல்காரியின் மகள் பையில் பென்சில் இல்லாமல் போகலாம், ஊசியும் நூலும் இல்லாமல் போகாது. பொத்தான்தான் இல்லை.

குண்டூசியின் கை தானாகப் பிடரிக்குப் போனது. வாத்து அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. முதல் பரிசுக் கோப்பை கண்முன் வந்து போனது. அதற்காக அவள் செய்த பயிற்சியில், பக்கத்து வீட்டுக் கிளிக்கே வசனம் மனப்பாடம் ஆகியிருந்தது.

"கண்ண மூடுங்கண்ணா."

"எதுக்கு?"

"ஜெபம் பண்ணணும்."

உண்மையாகவே ஜெபித்தாள். 'ஆண்டவரே, கவுனை நீங்க பாத்துக்கோங்க.' பிறகு ஓர் இழு. பட்!

அவர் கண்ணைத் திறந்தபோது குண்டூசி தோள்களைக் காதுவரை தூக்கி வைத்துக்கொண்டு தைக்க ஆரம்பித்திருந்தாள்.

"ஏது பாப்பா இது?"

"எங்கம்மா தையல்காரங்கண்ணா. எங்ககிட்ட பட்டனுக்கா பஞ்சம்? ஆடாம நில்லுங்க, குத்திடும்."

நூலைப் பல்லால் கடிக்கவும் கார் ஒலி எழுப்பவும் சரியாக இருந்தது.

மற்றவர்கள் தேவாலயத்துக்கு வருவார்கள். செயலர் ஐயா எழுந்தருளுவார். அன்று அவர் இடுப்பில் பேரக் குழந்தையும் எழுந்தருளி, ஊரே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டுக்கொண்டிருந்தது.

செயலரின் பார்வை காவலாளியின் தொப்பியில் தொடங்கி, வயிற்றில் வந்து நின்றது.

"என்னய்யா இது?"

"எல்லாப் பட்டனும் போட்டிருக்கணும்னு சொன்னீங்க. போட்டிருக்கேன் ஐயா."

"அதுக்காக…"

"வாத்து!" என்றது குழந்தை.

அழுகை பாதியில் நின்றது. குழந்தை குனிந்து வாத்தைத் தொட்டுப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்தது. காதுக்குக் கிடைத்த நிம்மதியைக் கெடுத்துக்கொள்ள செயலருக்கே மனம் வரவில்லை.

"சரி சரி. நேரா நில்லு" என்று போய்விட்டார்.

மண்டபம் நிறைந்தது. ரகசியமாகக் கொடுப்பதன் மேன்மையைப் பற்றிச் செயலர் ஒலிபெருக்கியில் நீண்ட நேரம் பேசினார். அவர் கொடுத்த கோப்பையில் அவருடைய பெயர் கடைசி வரிசைக்கும் தெரிந்தது.

குண்டூசி மேடையேறினாள். வலது கை முன்னால். இடது கை பிடரியில், கவுனை இறுக்கிப் பிடித்தபடி.

"கையைக் கீழ இறக்கு. ரெண்டு கையையும் அசைச்சுச் சொல்லணும்" என்றார் செயலர். "என்ன, கழுத்துச் சுளுக்கா?"

ஆமாம் என்றால் பொய். தேவாலயத்தில் நின்று பொய்யா? உண்மையைச் சொன்னாலோ எல்லாத் தலைகளும் கதவோரம் நிற்கும் காவலாளியின் வயிற்றைத்தான் திரும்பிப் பார்க்கும்.

"இல்ல ஐயா. இடது கைக்கு வேற வேலை இருக்கு."

மண்டபம் சிரித்தது. குண்டூசி சொல்ல ஆரம்பித்தாள். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று இயேசு சொன்ன பகுதி. அவளுடைய இடது கைக்கு எல்லாம் தெரியும். ஆனால் அது யாரிடமும் சொல்லவில்லை.

கதவோரம் நின்ற காவலாளி அவளுடைய கையைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். உள்ளங்கையால் அந்த வாத்தைப் பொத்திக்கொண்டார். மகள் துடைத்துக் கொடுத்த தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கடைசி வரிசையில் இருந்த அம்மாவும் பார்த்தாள். தான் வாங்கிய பொத்தானைத் தையல்காரிக்கா தெரியாது? மேடையை விட்டு இறங்கிய மகளின் பிடரியில் ஓர் ஊக்கை மாட்டினாள். கை அங்கேயே சற்று நேரம் இருந்தது.

"திட்டலையாம்மா?"

"இன்னும் நாலு வாத்து இருக்கு" என்றாள் அம்மா காதோரமாக. "பாத்துச் செலவு பண்ணுடி."

வீட்டுக்குக் கிளம்பியபோது, செயலரின் காருக்கு மட்டுமே திறக்கும் பெரிய கேட்டைக் காவலாளி குண்டூசிக்காக முழுசாகத் திறந்தார். குதிகால்களைச் சேர்த்து ஒரு சல்யூட் அடித்தார். மூச்சை இழுத்து விட்டார். வாத்து அசையவில்லை.

குண்டூசி மூன்றாம் பரிசுடன் தலை நிமிர்ந்து நடந்தாள்.

போட்டியில் கலந்துகொண்டவர்கள் மொத்தம் மூன்று பேர்.