சாதா பெட்ரோல்

வண்டியின் பானெட் வெதுவெதுப்பாக இருந்தது.

அவன் கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தான். விபத்து நடந்த இடத்திலிருந்து கயிறு கட்டி இழுத்துவந்து பட்டறையின் இந்த மூலையில் தள்ளிய நாள் முதல் யாரும் அதைத் தொடவில்லை. பேட்டரி வயரைக்கூட அவனே கழற்றிப் போட்டிருந்தான். பகலெல்லாம் காய்ந்த தகரக் கூரை அனலைக் கீழே இறக்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பக்கத்தில் நின்ற இன்னொரு வண்டியைத் தொட்டான். அது சில்லென்று இருந்தது.

வெளியே மாலை வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. விடுமுறை நாள் என்பதால் பட்டறையில் வேறு ஆளில்லை. அதற்காகத்தான் இன்று வந்திருந்தான். காலையில் இன்சூரன்ஸ் ஆய்வாளர் வருகிறார். அதற்குள், இன்ஜினின் கம்ப்யூட்டரில் தான் ஏற்றிய ட்யூனை அழித்துவிட்டு, கம்பெனியிலிருந்து வந்த பழைய ப்ரோகிராமைத் திரும்பப் போட்டுவிட வேண்டும்.

அது அவன் தங்கை புருஷனுடைய வண்டி. மாப்பிள்ளைக்கு வேகத்தில் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. "மேட்டுல கொஞ்சம் நல்லா இழுத்தா போதும் மச்சான்" என்று சொல்லித்தான் விட்டுவிட்டுப் போனார். இவன்தான் விலை கூடிய, உயர்ந்த ஆக்டேன் பெட்ரோலுக்கென்றே செய்த ட்யூனை ஏற்றினான். கையோடு கையாக, யாரும் கேட்காமலே, வண்டி நிற்கும்போது இன்ஜின் சும்மா ஓடுகிற ஐட்லிங் வேகத்தையும் குறைத்து வைத்தான். சிக்னலில் நிற்கும்போது வண்டி அடிவயிற்றிலிருந்து உறுமினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், யார் கைவேலை என்று கேட்பார்கள். அவ்வளவுதான் காரணம்.

"மச்சான், பிரேக் போட்டு நின்னா ஆர்.பி.எம். முள்ளு இறங்கி இறங்கி ஏறுது. ரெண்டு தடவை அணைஞ்சே போச்சு" என்று மாப்பிள்ளை போன் செய்தார்.

"புது ட்யூன்ல மாப்ள, பழகிடும்."

மறுபடியும் கூப்பிட்டபோதும் அதையேதான் சொன்னான். அதற்கடுத்து அழைப்பு வந்தபோது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

பெரிய சாலையின் குறுக்கே திரும்பும்போது வண்டி அணைந்துவிட்டது. "நடு ரோட்டுல சாவியைத் திருகிக்கிட்டே இருந்தாருங்க, நான் மிதிச்ச பிரேக் பத்தலீங்க" என்று லாரிக்காரர் அழுதார்.

துக்க வீட்டில், நன்றாக ஓடிய வண்டி எப்படி நின்றது என்று யாரோ கேட்க, இவன் வாய் முந்திக்கொண்டது. "ஒசத்தி பெட்ரோல்தான் போடணும்னு சொல்லியிருந்தேன். சாதா பெட்ரோல் போட்டிருக்காரு." சொன்னதும் உண்மை, அவர் போட்டதும் உண்மை. ஆனால் சாதா பெட்ரோல் போட்டால் மேட்டில் மிதிக்கும்போது இன்ஜின் தட்டும், இழுவை குறையும்; சும்மா நிற்கிற வண்டி அதனால் அணையாது. அணைத்தது அவன் குறைத்து வைத்த ஐட்லிங். அந்தக் கூட்டத்தில் அது தெரிந்தவன் அவன் மட்டும்தான். தங்கை அழுகையை நிறுத்திவிட்டுக் கணவனின் முகத்தையே பார்த்தாள். "பெட்ரோல்லயாங்க மிச்சம் புடிச்சீங்க?" என்றாள். அன்றிலிருந்து அவள் அழவில்லை. கோபத்தில் வெந்துகொண்டிருந்தாள், செத்துப்போனவர் மேல்.

இப்போது பேட்டரி வயரை மறுபடி மாட்டினான். லாரி இடித்தது ஓட்டுநர் பக்கத்தில். இன்ஜினில் ஒரு கீறலும் இல்லை. உள்ளே நசுங்கிய கதவு ஓட்டுநர் சீட்டின் மேல் சாய்ந்துகிடந்தது. பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்து, அதன் வயரை ஸ்டியரிங்குக்குக் கீழே எட்டிச் செருகினான். பினாயில் போட்டுக் கழுவிய நெடி. அதற்கு அடியில் பெட்ரோல். அதற்கும் அடியில், மெல்லியதாக, மாப்பிள்ளை தலையில் தேய்க்கும் எண்ணெயின் வாசனை. அவன் வாயால் மூச்சுவிட்டான்.

பழைய ப்ரோகிராம் ஏறி முடிந்தது. சாவியைத் திருப்பினான். இன்ஜின் முதல் திருகலிலேயே பிடித்துக்கொண்டது. முள் ஆடாமல் நின்றது. பச்சைப்பிள்ளை தூங்குகிற மாதிரி ஐட்லிங்.

போன் அடித்தது. தங்கை.

"எங்கண்ணே இருக்க?"

"பட்டறைலம்மா. சின்ன வேலை."

"வீட்டுல இருக்கவே புடிக்கல. எதைப் பாத்தாலும் அவர் மேல ஆத்திரமா வருது. அது என்ன சத்தம்? அவர் வண்டி மாதிரி இருக்கு."

முள் இறங்கத் தொடங்கியிருந்தது. இறங்கி, அணையும் எல்லைக்கு வந்து, நடுங்கி, மேலே ஏறியது. மறுபடி இறங்கியது. கம்பெனி ப்ரோகிராமில் அப்படி நடக்க வழியே இல்லை.

"வேற வண்டிம்மா."

"பக்கத்துல யாரு?"

"யாரும் இல்லையே."

"யாரோ பேசறாங்கண்ணே. 'பழகிடும், பழகிடும்'னு சொல்லிக்கிட்டே இருக்காங்க."

அவன் பட்டென்று சாவியைத் திருப்பிப் பிடுங்கினான். இன்ஜின் நின்றது. பட்டறை முழுக்க அமைதி.

"அணைச்சுட்டேன். இப்ப கேக்கல இல்ல?"

"கேக்குதே." அவள் குரல் தணிந்தது. "போன்ல இல்லண்ணே. நம்ம வாசல்ல."

காதில் அழுத்திய போனுக்குள் அந்த உறுமல். இறங்கியது. ஏறியது.

"கதவைத் திறக்காத."

"ஏன்?"

சொல்லியிருக்கலாம். அவர் கஞ்சத்தனம் பண்ணவில்லை, அணைத்தது நான்தான் என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம்.

"சும்மா... திறக்காத, அவ்வளவுதான்."

தாழ்ப்பாள் விலகும் ஓசை. செருப்பில்லாத பாதங்கள். வாசல் கேட்டின் கிறீச்சொலி. அப்புறம் உறுமல் மட்டும்.

"அண்ணே," என்றாள் தங்கை. அவள் குரலில் அழுகை திரும்பியிருந்தது, கூடவே ஒரு சிரிப்பும். "அவர் வந்திருக்காருண்ணே. பட்டறைல இருக்கேன்னியே, நீ முன்னாடி அவர் பக்கத்துல உக்காந்திருக்க?"

அவன் தலை நிமிர்ந்தான்.

விரிசல் விட்ட கண்ணாடிக்கு அப்பால் பட்டறையின் ஷட்டர் இல்லை. ஒரு வாசல் விளக்கு. திறந்த கேட். காதில் போனை வைத்தபடி தங்கை, வெறுங்காலோடு.

சீட் அவனுக்குக் கீழே அதிர்ந்துகொண்டிருந்தது. சாவி அவன் கையில்தான் இருந்தது.

எண்ணெய் வாசனை. இப்போது நெருக்கமாக. ஈரமாக.

பக்கத்தில் யாரோ நசுங்கிய கதவிலிருந்து மெதுவாகத் தன்னைப் பிரித்தெடுத்து நிமிரும் சத்தம்.

அவன் திரும்பவில்லை. கத்தினான். "வராத! ஏறாத! நான்தான்... நான்தாம்மா..."

போன் எப்போதோ துண்டிக்கப்பட்டிருந்தது; கண்ணாடிக்கு வெளியே அவளுக்கு அது கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, புடவையை ஒதுக்கிப் பிடித்து, பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"போலாங்க," என்றாள்.