அப்புறம் வா

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்கு அவள் அலுவலக வாயிலில் கையெழுத்துப் போட்டாள்.

"என்னம்மா தபால்காரி, லீவு நாள்லயும் தபாலா?" என்றார் காவலாளி. அலுவலகத்து மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அதனால் அந்தப் பட்டப்பெயர்.

"வெளியில இருந்து வர்ற மெயிலெல்லாம் லேட்டாகுதாம் அண்ணே. மேனேஜர் குதிக்கிறாரு."

"குதிச்சா குதிக்கட்டும். மண்டையப் பிளக்குற வெயில்ல இப்படியா வர்றது? ஒரு குடை கூடவா இல்ல?"

அவள் பேனாவை வைத்துவிட்டு மாடிப்படியை நோக்கி நடந்தாள். வீட்டில் ஒரு குடை இருந்தது. நீலக் குடை. அது அவளுடையதல்ல.

அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் மருத்துவமனை. சர்வர் இருந்தது பழைய எக்ஸ்ரே அறையில். ஜன்னல் கிடையாது. கதவுக்குள் ஈயத் தகடு வைத்திருந்தார்கள். சாத்திவிட்டால் கைபேசி செத்துவிடும். மின்விசிறிகளின் இரைச்சல் மட்டும் இருக்கும். அந்த இரைச்சல் அவளுக்குப் பிடிக்கும். வீட்டில் அதுவும் இல்லை.

கதவைத் தாழிட்டு உட்கார்ந்து, வந்து போன மெயில்களின் பதிவைத் திறந்தாள்.

தாமதத்துக்குக் காரணம் அவள் போட்ட சட்டம்தான். முன்பின் தெரியாத இடத்திலிருந்து மெயில் வந்தால் சர்வர் உடனே வாங்காது, பிறகு வரச் சொல்லித் திருப்பிவிடும். ஒழுங்கான சர்வர் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வரும். குப்பை மெயில் அனுப்புகிறவன் வர மாட்டான். அம்மா சொல்வாளே, பேய் இரண்டு தடவைதான் கூப்பிடும், மூன்றாவது தடவையும் கூப்பிட்டால்தான் மனுஷன் என்று, அதே கணக்குத்தான். திருப்பி அனுப்பும் வாசகத்தைக்கூட அவள் விளையாட்டாக மாற்றி வைத்திருந்தாள்: "அப்புறம் வா."

பெரிய நிறுவனங்களில் சிக்கல் வேறு. அங்கே ஒரே மெயிலை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இயந்திரம் கொண்டுவரும். ஒவ்வொன்றும் இவள் சர்வருக்குப் புது ஆள். எத்தனை தடவை வந்தாலும் அப்புறம் வா, அப்புறம் வா. அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து நம்பகமானவர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது.

அதிக தடவை திருப்பி அனுப்பப்பட்ட மெயில் எது என்று பார்த்தாள்.

அக்காவின் முகவரி.

பெறுபவர் இடத்தில் இவளுடைய முகவரி. முதல் முயற்சி நாற்பத்தோரு நாளுக்கு முன்பு, இரவு எட்டு மணிக்கு.

அன்று சாயங்காலம்தான் அக்கா மழையில் பஸ் பிடித்து வந்து இவள் வீட்டுக் கதவை மூன்று முறை தட்டினாள். அம்மாவின் சாவுக்கு ஒரு நாள் தாமதமாக வந்தவள். பிணத்தோடு ஒரு ராத்திரி முழுக்கத் தங்கையைத் தனியாக உட்கார வைத்தவள். அந்தக் கோபத்தில் இவள் கதவைத் திறக்கவில்லை. உள்ளிருந்தபடியே சொன்னாள்.

"அப்புறம் வா."

வெளியே சுவரில் எதையோ சாய்த்து வைக்கும் சத்தம். பிறகு, "சரிடி குட்டி. வரேன்." போகிறேன் என்று அக்கா எப்போதும் சொன்னதில்லை.

திரும்பிப் போன பஸ் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தது.

அவள் பதிவைக் கீழே தள்ளிப் பார்த்தாள். முதலில் கால் மணிக்கு ஒரு முயற்சி. பிறகு ஒரு மணிக்கு, நாலு மணிக்கு. எல்லாம் முறைப்படி. ஐந்து நாள் ஆனதும் எந்த சர்வரும் கைவிட்டுவிடும்.

இது கைவிடவில்லை.

ஆறாம் நாள். பத்தாம் நாள். முப்பதாம் நாள். ஒவ்வொன்றும் வேறு வேறு இயந்திரத்தின் எண்ணிலிருந்து. அக்காவின் அலுவலகம் அவளுடைய மெயில் கணக்கை மூடி மூன்று வாரம் ஆகிறது.

இன்றைய வரிகளுக்கு வந்தாள். எண்கள் பழகியவையாக இருந்தன. இந்தக் கட்டடத்துச் சாதனங்களுக்கு அவளே தன் கையால் கொடுத்த எண்கள்.

3:10. வாயில் கேமரா.

3:13. மாடிப்படி கேமரா.

3:16. நடைபாதை அச்சு இயந்திரம்.

3:17. இந்த அறைக் கதவின் விரல்ரேகைப் பூட்டு.

3:18. கதவுப் பூட்டு.

3:19. கதவுப் பூட்டு.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து மட்டும் சில்லிட்டது. நனைந்த துணியின் வாடை எங்கிருந்தோ மெல்ல வந்தது.

நிமிடத்துக்கு ஒரு வரி ஏறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் அவளுடைய பதில்.

அப்புறம் வா.

அப்புறம் வா.

அப்புறம் வா.

நூற்றுக்கணக்கான தடவை. தான் ஒரே ஒரு தடவை சொன்னதாகத்தான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

அக்கா என்ன நினைத்துக்கொண்டு போனாள் என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். நாற்பத்தோரு நாளாகத் தூக்கத்தைத் தின்றது அந்தக் கேள்விதான். நம்பகமானவர்கள் பட்டியலில் அக்காவின் முகவரியைச் சேர்த்தாள்.

3:41. ஏற்கப்பட்டது.

மெயில் வந்து விழுந்தது.

"குட்டி, பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். மழை விடல. உன் மேல கோவமெல்லாம் இல்லடி. அன்னைக்கி நான் லேட்டா வந்தது தப்புதான். குடைய உன் வாசல்லயே வச்சிருக்கேன், நீ நனையாத. அப்புறமா வந்து எடுத்துக்கறேன். அப்பவாவது கதவத் தொற."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மின்விசிறிகள் நின்றன. எல்லாம், ஒரே சமயத்தில்.

அந்த அமைதியில், ஈயக் கதவுக்கு அந்தப் பக்கம், மிக மெதுவாக, ஒரு தட்டல்.

சிறிது இடைவெளி.

இன்னொரு தட்டல்.

அவள் எழுந்து நின்றாள். மூன்றாவதற்காகக் காது கொடுத்தாள்.

மூன்றாவது வரவில்லை.

அம்மா சொன்னது நினைவிருந்தது. கூடவே வீடும் நினைவுக்கு வந்தது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், யாரும் தட்டாத கதவு.

"வா அக்கா," என்று சொல்லி அவள் தாழ்ப்பாளை இழுத்தாள்.

நடைபாதை காலியாக இருந்தது. கோடியிலிருந்த ஜன்னலில் வெயில் சுட்டெரித்தது. சுவரோரம் அந்த நீலக் குடை சாய்ந்திருந்தது. காலையில் அவள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் காய்ந்து தொங்கிய குடை. அதன் நுனியிலிருந்து தரையில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் குனிந்து அதைத் தொடப் போனாள்.

உள்ளே, அவள் எழுந்து வந்த நாற்காலி, யாரோ உட்கார்ந்ததுபோல் ஒரு முறை கிறீச்சிட்டது.